சுல்ஹா: சொல் விளக்கம்

இஸ்ரேல், பாலஸ்தீனச் செய்திகளில் 'ஹுத்னா' அடிக்கடி அடிபடும்; 'சுல்ஹா' அபூர்வம். ஹுத்னா என்பது கெடு வைத்த போர்நிறுத்தம். 2003 ஜூன் இறுதியில் பாலஸ்தீன அமைப்புகள் அறிவித்தது அதைத்தான், ஆகஸ்டிலேயே முறிந்துபோனது. சுல்ஹா அதற்கு அடுத்த படி. பகையையே தீர்த்துக்கொள்வது.

அரபியில் 'சுல்ஹ்' என்றால் சமாதானம். சீராக இருப்பது, செப்பமாவது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. தமிழ் முஸ்லிம்கள் நல்ல பிள்ளையை 'ஸாலிஹான பிள்ளை' என்பார்களே, அதே வேர்தான்.

பாலஸ்தீனக் கிராமங்களில் இது வெறும் சொல் அல்ல, நடைமுறை. வட இஸ்ரேலின் கலிலேயாவில் இன்றும் உண்டு. ஒரு கொலை விழுந்துவிட்டால் கொன்றவனின் குடும்பம் நேரே போய்ப் பேச முடியாது. பெரியவர்களைக் கெஞ்சி, நடுவர் குழுவாக அனுப்ப வேண்டும். அந்தக் குழுவுக்கு 'ஜாஹா' என்று பெயர். இழவு வீட்டில் அவர்கள் முதலில் கேட்பது ஹுத்னா. அப்புறம் மாதக்கணக்கில் பேச்சு, இழப்பீட்டுத் தொகை. எல்லாம் படிந்த பிறகு ஊர் கூடும். வெள்ளைக் கொடியில் பெரியவர்கள் ஆளுக்கொரு முடிச்சுப் போடுவார்கள். இரு தரப்பும் கைகுலுக்கும். கசப்புக் காபி, பிறகு விருந்து.

ஹீப்ரூவும் இந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. சண்டை போட்ட நண்பர்கள் சேர்ந்துகொண்டால் இஸ்ரேலியர்கள் 'சுல்ஹா ஆகிவிட்டது' என்கிறார்கள். சொல்லைக் கடன் வாங்கியவர்கள் நடைமுறையையும் வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுல்ஹாவில் தப்பை ஒப்புக்கொள்வது முதலில், கைகுலுக்கல் கடைசியில். 1993 செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இஸ்ரேல் பிரதமர் ராபினும் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தும் கைகுலுக்கியபோது ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லை எல்லாம் 'பிறகு பேசுவோம்' பட்டியலில் கிடந்தன. என் பார்வையில் அன்று கையெழுத்தான ஓஸ்லோ ஒப்பந்தம் ஒரு தலைகீழ்ச் சுல்ஹா. அதைவிட இந்தச் சொல்லுக்கு நெருக்கமானவர்கள் 1995-இல் தொடங்கிய 'பெற்றோர் வட்டம்' அமைப்பினர்: இந்த மோதலில் சொந்தங்களைப் பறிகொடுத்த இஸ்ரேலியர்களும் பாலஸ்தீனர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒருவர் இழப்பை மற்றவர் கேட்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சமாதானம்' பொதுப்படையானது. 'ராசியாவது' நல்ல பேச்சு வழக்கு. ஆனால் நடுவர் இல்லாமலும் ராசியாகலாம், தவிர அதுவும் அரபி வழி வந்ததே. 'சமரசம்' என்றால் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது போல ஒலிக்கிறது. பழந்தமிழில் பொருத்தமான சொல் இருக்கிறது: சந்து செய்வித்தல். போரிட்ட சோழர்கள் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நடுவே நின்று புலவர் கோவூர்கிழார் செய்ய முயன்றது அதுதான். மூன்றாம் ஆள் இருந்து இணைத்துவைப்பது அந்த 'வித்தலில்' இருக்கிறது. என்ன, இன்று சந்து என்றதும் முட்டுச்சந்துதான் நினைவுக்கு வரும். ஆகவே எழுதும்போது ஹுத்னாவுக்கு 'தற்காலிகப் போர்நிறுத்தம்', சுல்ஹா சடங்குக்கு 'சந்து செய்வித்தல்', அதனால் விளையும் உறவுக்கு 'நல்லிணக்கம்' என்று பிரித்துக்கொள்ளலாம். மூன்றையும் 'அமைதி ஒப்பந்தம்' என்று ஒரே மூட்டையில் கட்டுவதுதான் தப்பு.