பையன் சோம்பேறி இல்லை

பிசியோதெரபிஸ்டான என்னிடம் இந்த மாதம் இப்படி வந்த மூன்றாவது குடும்பம் இது. தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் டூஷேன் தசைச்சிதைவு உள்ள 14 வயதுப் பையன். அப்பா பையிலிருந்து, மூச்சை இழுத்தால் பந்து ஏறும் அந்த மூன்று பந்துக் கருவியை எடுத்து மேசையில் வைத்தார். “தினமும் நூறு தடவை இழுக்க வைக்கிறேன் மேடம். முன்னாடி மூணு பந்தும் ஏறும், இப்ப ஒண்ணுதான். சோம்பேறித்தனம் பண்றான்.” பையன் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அந்தக் கருவி அறுவை சிகிச்சை முடிந்தவர்களை ஆழமாக மூச்சிழுக்க வைப்பதற்கு. பந்து ஏறுவது காற்றின் வேகத்தால். வெடுக்கென்று இழுத்தால் கொஞ்சம் காற்றுக்கே பந்து ஏறிவிடும். தசைக்கு எவ்வளவு சுமை கொடுத்தோம் என்று அதில் தெரியவே தெரியாது. பலூன் ஊதச் சொல்வதும் அப்படித்தான். ஊதுவது மூச்சை வெளியே தள்ளும் வேலை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் மூச்சை உள்ளே இழுக்கும் தசை. இன்னொன்றையும் புரிந்துகொள்ளுங்கள்: இது பழக்கம் விட்டுப்போன தசை இல்லை, நோயால் நார் நாராகக் குறைந்துவரும் தசை. நூறு தடவை இழுத்தால் களைப்புதான் மிஞ்சும்.

பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் மூச்சிழுக்கும் அழுத்தத்தை அளக்க வேண்டும். அதில் சுமார் 30 சதவீதச் சுமையில், ஸ்பிரிங் வால்வு உள்ள கருவியில், கொஞ்ச நேரம் செய்துவிட்டு ஓய்வு. சளி, காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மறுநாளும் அசதி இருந்தால் சுமை அதிகம் என்று அர்த்தம். தசை மிகவும் தளர்ந்தவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். பலனும் ஓரளவுதான். நோயை இது நிறுத்தாது.

பையனிடம் காலையில் தலைவலி உண்டா என்று கேட்டேன். உண்டாம். அதற்குக் கண்ணாடி மாற்றியிருக்கிறார்கள்! இரவில் மூச்சு போதாமல் கரியமிலவாயு தேங்கினால் அப்படித்தான் வலிக்கும். விரல் மாட்டும் கருவியில் பகலில் ஆக்சிஜன் 97 காட்டுகிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். தயவுசெய்து நீங்களாகவே ஆக்சிஜன் வாங்கி வைக்காதீர்கள். எண் ஏறும், கரியமிலவாயு உள்ளேயே கூடும், பிள்ளை மயங்கிப்போகலாம். வேண்டியது பைபாப்பாக (மாஸ்க் வழியாக மூச்சுக்குத் துணை செய்யும் கருவி) இருக்கலாம். அதை மருத்துவர் பரிசோதித்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம் இருமல். பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இருமும் வேகம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே போனால், சாதாரணச் சளியே நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். சக பிசியோக்களே, ஆஸ்துமாக்காரர்கள் ஊதும் பீக் ஃப்ளோ மீட்டரில் மாஸ்க் மாட்டி இருமச் சொன்னாலே இது தெரிந்துவிடும். அளந்து பாருங்கள்.

நடக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை, சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நுரையீரல் சோதனை கேட்டு வாங்குங்கள். படுக்க வைத்தும் ஒரு முறை ஊதச் சொல்லுங்கள். உதரவிதானம் தளர்ந்திருந்தால் படுத்த நிலையில்தான் நன்றாகத் தெரியும்.

அன்று அந்த அப்பாவுக்கு, ஒருவழி வால்வு மாட்டிய ஆம்பு பையால் (கையால் அமுக்கிக் காற்றை உள்ளே செலுத்தும் பை) மூச்சை அடுக்கடுக்காக ஏற்றவும், இருமும்போது வயிற்றை அழுத்திக் கொடுக்கவும் கற்றுக்கொடுத்தேன். நான்காவது முறை சளி வெளியே வந்தது. “இவ்வளவு நாளா இவனைத் திட்டிட்டே இருந்தேனே மேடம்” என்றார்.