கூடாரத்தில் பிறந்த குழந்தைக்குத் தேவையான முதல் காகிதம்

லெபனானின் பெக்கா சமவெளியில் நான் மகப்பேறு மருத்துவராகப் பணியாற்றிய காலத்தில், குழந்தை நலமா என்று கேட்டு முடித்த சிரியத் தாய்மார்கள் அடுத்ததாகக் கேட்டது பிறப்புச் சீட்டைப் பற்றித்தான். தொடக்கத்தில் எனக்கு அது வியப்பாக இருந்தது. ஊசியும் மருந்தும் பால்மாவும் கொடுத்தனுப்பினால் கடமை முடிந்தது என்று எண்ணியிருந்தவள் நான்.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் லெபனான் சேரவில்லை. சிரியர்களுக்கென முறையான முகாம்களையும் அந்நாடு அமைக்கவில்லை. அதனால் 2011-இல் சிரியாவில் தொடங்கிய போருக்குத் தப்பி வந்து சேர்ந்தவர்களில் வசதியற்ற பலர், வயலோரங்களில் நில உரிமையாளருக்கு வாடகை கொடுத்து, மரச்சட்டத்தின்மேல் தார்ப்பாய் கட்டி வாழ்கிறார்கள். 2015-இல் குடியிருப்பு அனுமதி விதிகள் கடுமையாயின. 15 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 200 டாலர் என்ற கட்டணம் கூலி வேலை செய்யும் குடும்பத்தால் தாங்கக்கூடியதாக இல்லை. அதே ஆண்டு மே மாதத்தில், அரசின் உத்தரவால் ஐ.நா. அகதிகள் ஆணையமும் புதிய சிரிய அகதிகளைப் பதிவு செய்வதை நிறுத்தியது.

அனுமதி இல்லாத தந்தை சோதனைச் சாவடியைக் கடக்க அஞ்சுவார். பிறப்பைப் பதிவு செய்வதோ ஒரே இடத்தில் முடிகிற வேலையன்று. மருத்துவரோ மருத்துவச்சியோ தரும் சீட்டை முக்தார் எனப்படும் ஊர் அலுவலரிடம் காட்டிச் சான்றிதழ் பெற்று, அதை உள்ளூர்ப் பதிவகத்தில் பதிந்து, பிறகு மாகாணத் தலைநகரிலுள்ள வெளிநாட்டவர் பதிவகத்துக்கும் கொண்டு செல்ல வேண்டும். பெற்றோரின் திருமணச் சான்றும் கேட்பார்கள். ஷேக் எனப்படும் மதகுருவின் முன்னிலையில் மட்டும் மணமுடித்தவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஓராண்டு கடந்துவிட்டால் நீதிமன்றம்தான். 2011 தொடக்கம் முதல் 2018 பிப்ரவரி வரை பிறந்த சிரியக் குழந்தைகளுக்கு இந்தக் கெடு 2018-இல் தளர்த்தப்பட்டது பெரிய ஆறுதல்.

ஒரு குளிர்காலத்தில், கணவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாத ஒரு பெண், பால்மா டப்பாவுக்குள் பிளாஸ்டிக் பை சுற்றி வைத்திருந்த சீட்டை என்னிடம் காட்டினார். பனி உருகிய நீர் கூடாரத்துக்குள் புகுந்ததில் மை கரைந்து, மருத்துவச்சியின் முத்திரை மட்டும் மங்கலாக எஞ்சியிருந்தது. சிரியச் சட்டத்தில் குடியுரிமை பொதுவாகத் தந்தை வழியே வருவதால், அந்தச் சிறுமி எந்த நாட்டுக்காரி என்று காட்ட அவரிடம் வேறு எதுவும் இல்லை.

2024 டிசம்பரில் சிரியாவில் அசாத் ஆட்சி வீழ்ந்தபின் பல குடும்பங்கள் ஊர் திரும்புகின்றன. பத்து வயதாகியும் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பிள்ளையைச் சொந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பதற்கும் இதே காகிதங்கள்தான் வேண்டும். ஆகவே இப்பகுதியில் பணிபுரியச் செல்லும் மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: தாய் வீடு திரும்பும் முன் சீட்டை அவர் கையிலேயே கொடுங்கள், பெயர்களின் எழுத்துகளை அவரது சிரிய அரசுக் குடும்பப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அடுத்து எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்பதை அரபியில் எழுதிக் கொடுங்கள், ஒரு நகலை உங்கள் பதிவேட்டிலும் வைத்திருங்கள். அந்தப் பெண்ணின் மகளுக்கு மறுபடி சீட்டு எழுத முடிந்தது, எங்கள் பதிவேட்டில் அப்படியொரு நகல் இருந்ததால்தான்.