தரம் வேறு, நியமம் வேறு

யாழ்ப்பாணத்தில் கணினிக் கடை விளம்பரங்களிலும் செய்தி மொழிபெயர்ப்புகளிலும் 'ஸ்ராண்டட்' (standard) என்ற ஆங்கிலச் சொல் வந்தால் போதும், உடனே 'தரம்' என்று எழுதிவிடுகிறார்கள். "டிடிஆர்5 உயர்தர றாம்." (றாம் கணினியின் தற்காலிக நினைவகம்; டிடிஆர்4, டிடிஆர்5 அதன் அடுத்தடுத்த வகைகள்.) இது பிழை. இந்தப் பிழையால் சனத்தின் காசும் போகிறது.

ஸ்ராண்டட் என்ற சொல்லுக்கு முதலில் போர்க்களத்துக் கொடி என்று பொருள், பிறகு எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவு என்று. அதற்கு 'நியமம்' நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. 'நியம விலகல்' என்றுதானே கணக்குப் படித்தோம்?

தரம் நல்லது கெட்டதைச் சொல்லும் சொல். நம் ஊரில் அது வகுப்பும்கூட. தரம் 4 முடித்த பிள்ளை தரம் 5க்கு ஏறும். அந்த நினைப்பில்தான் டிடிஆர்4 மதர்போட்டுக்கு டிடிஆர்5 வாங்கிக்கொண்டு போகிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே நீளம், இரண்டிலும் 288 தொடுமுனைகள், ஆனால் கீழ் விளிம்பில் உள்ள வெட்டு கொஞ்சம் தள்ளி இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. ஒன்று 1.2 வோல்ற், மற்றது 1.1. நினைவகங்களுக்கு நியமம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு வகுத்த இரண்டு வெவ்வேறு நியமங்கள் அவை.

தரம்தான் எல்லாம் என்றால் றம்பஸ் கதையை எப்படி விளங்கிக்கொள்வது? 2000இல் பென்ரியம் 4 சில்லு (chip) வந்தபோது, அதைச் செய்த இன்ரெல், றம்பஸ் நிறுவனத்தின் ஆர்டிறாம் என்ற நினைவகத்தைத்தான் கட்டிப்பிடித்தது. வேகத்தில் அது குறைந்ததல்ல. விலைதான் கூட. போட்டி நிறுவனமான ஏஎம்டி டிடிஆர் பக்கம் போனது, கடைசியில் இன்ரெலும் அங்கேயே வந்து சேர்ந்தது. யார் யார் ஒத்துக்கொண்டார்கள் என்பதுதான் அங்கே வழக்கைத் தீர்த்தது.

'நியமம் வடசொல், செந்தரம் என்று சொல்' என்பவர்களும் இருக்கிறார்கள். தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் செந்தரத்தைப் பிரித்தால் செம்மையான தரம். விட்ட பிழை திரும்பவும் வாசலில் வந்து நிற்கிறது. 'தரநிலை'யும் அப்படியே. பொருளைக் கெடுக்கும் தூய்மை எனக்கு வேண்டாம்.

இதே மொழிபெயர்ப்பாளர்கள்தான் 'இந்தச் சில்லு டிடிஆர்5ஐ ஆதரிக்கிறது' என்றும் எழுதுகிறார்கள், 'சப்போட்' (support) என்றால் ஆதரவு என்று நினைத்து. சில்லு என்ன, தேர்தலிலா நிற்கிறது? இன்ரெலின் 12ஆம் தலைமுறைச் சில்லுகள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். ஏஎம்டியின் ஏஎம்5 வகை மதர்போட் டிடிஆர்5 மட்டும்தான் ஏற்கும். 'ஏற்கும்' என்று எழுதினால் என்ன குறை? கடையில் நிற்கிற பெடியன், "அண்ணை, இந்த போட் அதை எடுக்காது" என்று எவ்வளவு தெளிவாகச் சொல்கிறான்!