தலையில் குண்டான் கவிழ்த்த என்ஜின்

மாட்டுங்கா வாசகர் ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். மும்பை தாருகானாவில், பழைய இரும்புக் கடையில் கிடக்கும் படகு என்ஜின். பெயர்த்தகடு இல்லை, பித்தளையாயிற்றே, முதலில் கழன்று போவது அதுதான். “ஸ்பார்க் பிளக்கும் இல்லை, கியர்பாக்ஸும் இல்லை. டீசல்தானே சார்?” என்று கேட்கிறார்.

லாரி என்ஜினைக் கழற்றிப் படகில் மாட்டியதாக இருக்குமோ? என்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் பக்கவாட்டில் கை நுழைகிற கதவு தெரிகிறது. படகின் அடிவயிற்றில் உட்கார்ந்த என்ஜினைக் கீழே படுத்துக் கழற்ற முடியாது, அதற்காக வைப்பது. லாரிக்கு அது தேவையில்லை. சரி, படகுக்கென்றே செய்ததுதான்.

ஆனால் சிலிண்டர் தலையில் குண்டானைக் கவிழ்த்த மாதிரி ஓர் இரும்புக் குமிழ் இருக்கிறதே, அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. இது டீசல் இல்லை, ஹாட் பல்ப். இங்கிலாந்தின் ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் 1890-இல் காப்புரிமை வாங்கிய வகை. ஸ்வீடனின் போலிண்டர் போன்றவர்கள் இதை டூ ஸ்ட்ரோக்காகச் செய்து படகுகளுக்கு விற்றார்கள்.

பம்ப் ஸ்டவ் பற்றவைத்தவர்களுக்குச் சட்டென்று புரியும். முதலில் பர்னரைச் சூடேற்ற வேண்டும்; அப்புறம் தன் சூட்டிலேயே மண்ணெண்ணெயை ஆவியாக்கிக்கொள்ளும். இங்கே ப்ளோ லாம்ப்பால் குமிழைக் காய்ச்சுவார்கள். எண்ணெய் பட்டதும் பற்றும். ஒவ்வொரு வெடிப்பும் அடுத்ததற்கான சூட்டை விட்டுச் செல்லும்.

கியர்பாக்ஸ் எங்கே போயிற்று? டூ ஸ்ட்ரோக்கில் காற்று நுழையும், புகை வெளியேறும் துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. எந்தப் பக்கம் சுற்றினாலும் அதற்கு ஒன்றுதான். படகைப் பின்னால் எடுக்க, கிளட்ச்சை விடுவித்து, எண்ணெயைக் குறைத்து, என்ஜினை ‘இதோ நின்றுவிட்டது’ என்கிற நிலைக்குக் கொண்டு வருவார்கள். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் எண்ணெயைப் பீச்சினால், உச்சியைத் தொடாமலேயே உதை வாங்கித் திரும்பும். ஃப்ளைவீல் என்கிற கனத்த சக்கரம் ஒரு கணம் திகைத்து நின்று, எதிர்ப்பக்கம் சுற்றும். தப்பிய நேரத்தில் பீச்சினால் என்ஜின் நின்றே போகும், படகு போய் ஜெட்டியில் மோதும்.

எந்தக் கம்பெனி என்று கண்டுபிடிக்க, குமிழைக் கழற்றிக் கம்பியை உள்ளே விட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றுங்கள். கம்பி ஏறி இறங்கும் தூரம்தான் ஸ்ட்ரோக். சிலிண்டரின் உள்விட்டமும் கிடைத்தால் பழைய கேட்டலாக்குகளில் தேடலாம். உதாரணமாக, இங்கிலாந்தின் கார்ட்னர் கம்பெனி செய்த எல்டபிள்யூ டீசல்களை 4¼ அங்குல விட்டம், 6 அங்குல ஸ்ட்ரோக் என்ற அளவே காட்டிக்கொடுத்துவிடும்.

வார்ப்பிலேயே எண் இருக்கும். வருஷா வருஷம் ஆயுத பூஜைச் சந்தனமும் அதன் மேல் பெயிண்டும் ஏறியிருக்கும், சுரண்டிப் பாருங்கள். ரயில் என்ஜினுக்கு டெல்லியில் அருங்காட்சியகமே வைத்திருக்கிறோம், படகு என்ஜினுக்குக் கிலோ விலைதான். கேஸ் கட்டர் வருவதற்குள் அளந்து அனுப்புங்கள்.