சாதா குண்டு வீடியோ எடுக்காது

1991 வளைகுடா போர்ல ஒரு வீடியோ ரொம்ப ஃபேமஸ். ஜனவரி 30 அன்னிக்கு ரியாத் பிரஸ் மீட்ல அமெரிக்க ஜெனரல் ஷ்வார்ஸ்காஃப் போட்டுக் காட்டினது. ஒரு பாலம், நடுவுல கூட்டல் குறி மாதிரி கோடு, அதுக்குள்ள ஒரு வண்டி போகுது, வண்டி தாண்டினதும் பாலத்துல குண்டு. இவர்தான் இன்னிக்கு ஈராக்லயே பெரிய அதிர்ஷ்டசாலின்னார், ரிப்போர்ட்டர்ஸ் சிரிச்சாங்க.

அது ஒண்ணும் பொய் வீடியோ இல்ல. அப்ப அந்தப் போர்ல விழுந்த எல்லா குண்டுமே இப்படி குறி பாத்து அடிச்சதுன்னு டிவி பாத்தவங்களுக்கு ஒரு எண்ணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, அங்க கேமரா ஏன் இருந்துச்சுங்கறதுலேர்ந்து. இந்த மாதிரி லேசர் குண்டு தானா போய் அடிக்காது, மேலேர்ந்து யாராவது இலக்கு மேல லேசர் புள்ளிய கடைசி வரைக்கும் புடிச்சிட்டே இருக்கணும், அங்க பட்டுத் திரும்பற வெளிச்சத்த குண்டோட மூக்குல இருக்கற சென்சார் பாத்து குட்டி றெக்கைய ஆட்டி ஆட்டி அங்கயே போய் இறங்கும். புள்ளி நகராம பாத்துக்க லேசர் கூடவே ஒரு அகச்சிவப்பு கேமரா, ராத்திரியிலயும் சூட்ட வெச்சு படம் காட்டும். அந்த ரெக்கார்டிங்தான் டிவிக்கு வந்தது. பி-52ங்கற பெரிய அமெரிக்க குண்டுவீச்சு விமானம் கொட்டின சாதா குண்டுக்கு இதெல்லாம் எதுக்கு, போட்டுட்டுத் திரும்பிடுவாங்க.

ஆக குறி பாத்து அடிக்கற குண்டு மட்டும்தான் தன்னோட படத்த தானே எடுத்துக்குது, அதுலயும் எத வெளிய விடணும்னு முடிவு பண்றது ராணுவம். கல்யாண வீடியோவ மட்டும் பாத்துட்டு கடைசி பந்திக்கு சாம்பார் பத்துச்சான்னு சொல்லச் சொன்னா எப்படி? கேமரா மேடையிலதான நிக்குது.

நேர்ல போய் பாக்கலாம்னா ரிப்போர்ட்டர்கள ராணுவமே குரூப் பிரிச்சு கூட ஆள் போட்டுதான் கூட்டிட்டுப் போச்சு, எழுதினதயும் படிச்சுப் பாத்துட்டுதான் அனுப்பினாங்க.

போர் முடிஞ்சு மார்ச்லதான் அமெரிக்க விமானப்படை தலைவர் மெக்பீக் கணக்கு சொன்னார். மொத்தம் போட்டது 88,500 டன், அதுல குறி பாத்து அடிக்கற ரகம் வெறும் 6,520 டன். நூத்துக்கு ஏழு சொச்சம். டிவி பாத்தவங்களுக்கு கிட்டத்தட்ட எல்லாமே அந்த ரகம்னுதான் தோணியிருக்கும்.

இதுலயும் ஒரு விஷயம் இருக்கு. பிப்ரவரி 13 விடிகாலைல பாக்தாத்ல அமீரியா பதுங்கு கட்டடத்து மேல விழுந்தது ரெண்டு லேசர் குண்டு, குறி தப்பவே இல்ல. ராணுவ கட்டளை மையம்னு நெனச்சு அடிச்சோம்னாங்க, உள்ள தூங்கிட்டிருந்த 400 பேருக்கு மேல செத்துட்டாங்க. பாக்தாத்லயே தங்கியிருந்த டிவிக்காரங்க அன்னிக்கு காலைல கீழேர்ந்து எடுத்த படத்துலதான் வெளிய கெடத்தியிருந்த உடல்கள உலகம் பாத்துச்சு, அதயும் பல சேனல் வெட்டிட்டுதான் போட்டுச்சு.