விழாமல் இருக்கத்தான் கட்டினோம், டாக்டர்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. எண்பதைத் தாண்டிய பாட்டி. இரண்டு மணிக்கட்டிலும் துண்டின் நெசவு அப்படியே பதிந்து கன்றிப் போயிருந்தது. முதியோர் இல்லத்திலிருந்து அழைத்து வந்த மகனிடம் கேட்டால் அதே பதில்: "ராத்திரி எழுந்து நடக்கிறாங்க டாக்டர். விழாம இருக்கத்தான் கட்டினாங்களாம். நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

விழாமல் இருக்கவாம்! எத்தனை முறைதான் சொல்வது? கட்டிப் போட்டால் எழும் எண்ணம் போய்விடாது. முடிச்சோடு மல்லுக்கட்டுவார், கட்டில் கம்பிக்கு மேல் காலைப் போடுவார். சும்மா விழுவதைவிட உயரத்திலிருந்து விழுவார். துணி கழுத்தை இறுக்கி இறந்தவர்களும் உண்டு. பத்து நாள் கட்டுண்டு கிடந்தால் தொடையில் இருந்த கொஞ்ச பலமும் போய்விடும். அப்புறம் அவிழ்த்த அன்றைக்கே விழுவார். "பார்த்தீங்களா, இதுக்குத்தான் கட்டினோம்" என்று நம்மிடமே சொல்வார்கள்.

சரி, ஏன் எழுகிறார் என்று யாராவது பார்த்தார்களா? இந்தப் பாட்டிக்கு ஐந்து நாளாக மலம் போகவில்லை, சிறுநீரும் அடைத்திருந்தது. இரண்டையும் சரிசெய்தோம், அன்று இரவே தூங்கிவிட்டார். திடீர்க் குழப்பம் என்றால் சிறுநீர்த் தொற்று, வலி, சோடியம் குறைவு, புது மாத்திரை என்று தேடுங்கள். மூக்குக்கண்ணாடியையும் காது மெஷினையும் பீரோவில் பூட்டிவிட்டு, "அம்மாவுக்கு ஆளே தெரியலை" என்று புகார் வேறு.

அந்தக் கையெழுத்துக்கு வருவோம். அது கட்டுவதற்கான லைசென்ஸ் இல்லை. மனநல மருத்துவமனைகளுக்கே 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. சங்கிலிக்கு முழுத் தடை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்ததால் ஓட முடியாமல் கருகியவர்களை அதற்குள் மறந்துவிட்டோமா? ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைப்பது குற்றம், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவு. அடைத்து வைக்கப்பட்டவர் பெற்ற அம்மாவாக இருந்தாலும் அது பொருந்தும்.

கட்டிலைத் தாழ்த்துங்கள், இல்லையென்றால் மெத்தையைத் தரையில் போடுங்கள். இரவு விளக்கு எரியட்டும். படுக்கும் முன்பும் நடுராத்திரியிலும் கழிவறைக்குக் கைபிடித்து அழைத்துப் போங்கள்.

இல்லத்தில் விட்டிருக்கிறீர்களா? சொல்லாமல் ஒரு நாள் சாயங்காலம் போய் நில்லுங்கள். ஆப்பிளைக் கொடுத்துவிட்டு, தயவுசெய்து அந்த நைட்டியின் கையை மெல்லத் தூக்கிப் பாருங்கள்.