சர்வேலன்ஸ்: கண்காணிப்பா, வேவா?

துப்பறியும் வேலையைப் பற்றிய பேச்சில் ‘சர்வேலன்ஸ்’ அப்படியே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தமிழில் எழுதச் சொன்னால் கை தானாகக் ‘கண்காணிப்பு’ என்று எழுதும். தப்பில்லை. ஆனால் அந்த ஒரு சொல் போதுமா?

பிரெஞ்சில் ‘சுர்’ என்றால் மேல். ‘வெய்யே’ என்றால் விழித்திருந்து காப்பது. இரண்டும் சேர்ந்ததுதான் இந்தச் சொல். வேர் லத்தீன் ‘விகிலாரே’. விஜிலென்ஸும் தேர்வறை இன்விஜிலேட்டரும் அதே வேரில் முளைத்தவை. 1793இல், பிரெஞ்சுப் புரட்சியின் நடுவே, வெளியாட்கள் மேலும் சந்தேகத்துக்குரியவர்கள் மேலும் கண் வைக்க ஊர்தோறும் குழுக்கள் அமைத்தார்கள். அவற்றின் பெயரிலேயே ‘சர்வேலன்ஸ்’ இருந்தது. அப்புறம் சில ஆண்டுகளில் ஆங்கிலம் அதைக் கடன் வாங்கியது, அதிகார வாடையோடு சேர்த்தே.

நம் சொல்லிலும் அந்த வாடை உண்டு. கண்காணி பேச்சில் தேய்ந்து கங்காணி ஆனார். இலங்கை, மலாயாத் தோட்டங்களில் கூலியாட்களை மேய்த்த அவர் பெயர் ஆங்கில அகராதிக்குள்ளும் போய்விட்டது. இன்று போலீஸ் சூப்பரின்டெண்ட் கண்காணிப்பாளர், தேர்வறையில் நடப்பவரும் கண்காணிப்பாளர், தெருமுனையில் தொங்குவது கண்காணிப்பு கேமரா. இவர்களுக்கெல்லாம் பொதுவான ஒன்று, பார்ப்பது பார்க்கப்படுகிறவருக்குத் தெரியும். கங்காணி கண்ணெதிரே நிற்பவர். புலனாய்வில் அது தலைகீழ். தெரிந்துவிட்டால் அன்றைய வேலை கெட்டது.

தெரியாமல் பார்ப்பதற்குத் தமிழில் பழைய சொற்கள் இருக்கின்றன. ஆநிரையை, அதாவது பகைவரின் மாட்டு மந்தையை, கவரப் போகிறவர்கள் ஒற்றர் வழியாகச் செய்தி அறிவதைத் தொல்காப்பியம் ‘வேய்’ என்கிறது. இன்றைய ‘வேவு’ அதற்கு உறவு. திருக்குறளில் ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. ‘கடாஅ உருவொடு’ என்கிறது 585ஆம் குறள்: சந்தேகம் எழாத தோற்றம். இன்று சொல்லித் தரும் முதல் பாடமும் அதுதான்: இடத்துக்கேற்ற உடை, கண்ணை இழுக்காத வண்டி. ‘நோட்டம்’ இன்னொரு நல்ல சொல். நாணயத்தின் தரம் பார்ப்பதற்கும் அதுவே பெயர்.

சரி, வேவு என்றே வைத்துக்கொள்ளலாமா? எனக்குத் தயக்கம். வேவு என்றதும் காதில் விழுவது கள்ளத்தனம். சட்டப்படி செய்யும் வேலைக்கு அது பொருந்தாது. பொதுவாக ‘புலனாய்வுக் கண்காணிப்பு’ என்றும், ஓரிடத்தில் இருந்து பார்ப்பதை ‘நோட்டமிடல்’ என்றும், கூடவே போவதைப் ‘பின்தொடர்தல்’ என்றும் பிரித்துச் சொல்வேன்.

இதில் பின்தொடர்தல்தான் கத்திமேல் நடப்பது. முறையான காரணம் இல்லாவிட்டால் அதே செயல் பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றம். உரிமம் இல்லாமல் தனியார் துப்பறியக் கூடாத இடங்களும் நிறைய. பொது இடத்தில் நின்றால் யார் கண்ணுக்கும் தெரிவதைப் பார்ப்பது ஒன்று. மதில் ஏறுவது, படுக்கையறை ஜன்னலுக்கு லென்ஸை நீட்டுவது, போனை ஒட்டுக்கேட்பது, போலீஸ் என்று பொய் சொல்வது எல்லாம் வேறு. போலீசுக்கே எல்லை உண்டு. அமெரிக்காவில் ஒருவர் ஓட்டிய காரில் ஜிபிஎஸ் கருவி பொருத்தி 28 நாள் தடம் பார்த்தார்கள். செல்லுபடியாகும் வாரன்ட் கையில் இல்லை. அப்படிப் பொருத்திப் பார்த்ததே அரசமைப்பு வரம்பு விதிக்கும் ‘சோதனை’தான் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பாதுகாப்பு விஷயத்தில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எங்கே இருக்கிறோம் என்று கூட வேலை செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிவப்பு விளக்கைத் தாண்டித் துரத்தக் கூடாது. எதிராளி இரண்டாம் முறை திரும்பிப் பார்த்தால் விட்டுவிட்டு வந்துவிட வேண்டும், நின்று வாதாடக் கூடாது.

மிச்சம், பார்த்ததை எழுதிவைக்கும் குறிப்பேடு. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னொருவனை வைத்துச் சரிபார் என்கிறது 588ஆம் குறள். குறிப்பேடும் அப்படிச் சரிபார்க்கும்படி இருக்க வேண்டும். ‘9.10க்கு நீலச் சட்டைக்காரர் கறுப்புப் பையோடு வெளியே வந்தார்’ என்பது கண் கண்டது. ‘பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்’ என்று எழுதினால், பைக்குள் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும் எனக் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி வரும்.